பொது வைஃபையில் மடிக்கணினி இணைய மறுத்தால்

ஓலைத்தொடுவாய், பேசாலை, தலைமன்னார் பக்கமாகத் திரும்பி வந்திருக்கும் குடும்பங்கள் பலவற்றில் இப்போது ஒரு மடிக்கணினி இருக்கிறது. மண்டபம் முகாமிலும் தமிழ்நாட்டின் மற்ற முகாம்களிலும் இருந்து வந்தவர்கள் சட்டி பானையோடு பிள்ளையின் மடிக்கணினியையும் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். தமிழ்நாட்டு அரசு 2011 இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் கொடுக்கப்பட்ட பெட்டிகளும் அவற்றுள் உண்டு. புத்தளம், வவுனியா பக்கம் இருந்து வந்தவர்களிடம் உறவினர் கொடுத்த பழைய கணினி இருக்கும். வீட்டுக்கு இணைய இணைப்பு இன்னும் வரவில்லை. ஆனால் பரீட்சைப் பெறுபேறு, பல்கலைக்கழக விண்ணப்பம், வேலைக்கான விண்ணப்பம் என்று பல காரியங்கள் இணையத்துக்குப் போய்விட்டன. ஆகவே மன்னார் நகரத்துக்கு பஸ் ஏறி, பொது வைஃபை உள்ள ஓர் இடத்தில் உட்கார்ந்து வேலையை முடிக்கப் பார்க்கிறோம்.

அங்கே போனால் "வைஃபை இணைந்திருக்கிறது, ஆனால் ஒரு பக்கமும் திறக்கவில்லை" என்ற நிலை. பக்கத்தில் இருப்பவரின் கைத்தொலைபேசி நன்றாக வேலை செய்யும். உங்கள் மடிக்கணினி மட்டும் செய்யாது. கணினி பழுதாகிவிட்டது என்று நினைத்துத் திரும்பி வருகிறீர்கள். பெரும்பாலும் அது பழுது இல்லை. உட்கார்ந்த இடத்திலேயே, ஒரு சதமும் செலவில்லாமல் சரிசெய்யக்கூடிய காரணமாகவே இருக்கும். எங்கள் வெளிக்கள உத்தியோகத்தர்களிடம் இந்தக் கேள்வி அடிக்கடி வருவதால் இதைச் சற்று விரிவாக எழுதுகிறோம்.

முதலில் எங்கே அறுந்திருக்கிறது என்று பாருங்கள்

கிணற்றில் இருந்து குழாய் வழியாக வீட்டுக்குத் தண்ணீர் வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் வராவிட்டால் வீட்டுக் குழாய் மூடியிருக்கலாம், இடையில் குழாய் உடைந்திருக்கலாம், அல்லது கிணறே வற்றியிருக்கலாம். இணையமும் அப்படித்தான். மடிக்கணினியில் இருந்து சுவரில் இருக்கும் ரவுட்டர் வரை ஒரு வழி. ரவுட்டரில் இருந்து வெளி இணையம் வரை இன்னொரு வழி. வைஃபை அடையாளம் முழுமையாகத் தெரிந்தால் முதலாவது வழி மட்டும் சரி என்று அர்த்தம். இரண்டாவது வழியைப் பற்றி அந்த அடையாளம் ஒன்றும் சொல்லாது.

வைஃபைப் பட்டியலே திரையில் வரவில்லையா? பழைய மடிக்கணினிகளில் முன்புறத்தில் அல்லது பக்கத்தில் சிறிய தள்ளுபொத்தான் ஒன்று இருக்கும். பையில் வைக்கும்போது அது தட்டுப்பட்டு வைஃபை நின்றுவிடும். வேறு சிலவற்றில் விமானப் படம் அல்லது அலைக்கம்பிப் படம் போட்ட விசை மேல்வரிசையில் இருக்கும். அதை ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

பட்டியலில் மற்ற வலையமைப்புகள் தெரிகின்றன, ஆனால் பக்கத்தில் இருப்பவர் பயன்படுத்துகிற வலையமைப்பின் பெயர் மட்டும் உங்களுக்குத் தெரியவில்லை என்றால் காரணம் வேறு. வைஃபை பெரும்பாலும் இரண்டு அலைவரிசைகளில் ஓடுகிறது, 2.4 கிகாஹேர்ட்ஸ், 5 கிகாஹேர்ட்ஸ் என்று. பழைய மடிக்கணினிகள் பலவற்றுக்கு முதலாவது மட்டுமே புரியும். அந்த இடத்தில் 2.4 இல் ஓடும் வேறு பெயர் உண்டா என்று அங்குள்ளவரிடம் கேளுங்கள். பல இடங்களில் இரண்டும் இருக்கும்.

உள்நுழைவுப் பக்கம் வராமல் போவது

பொது வைஃபையில் நாங்கள் காணும் சிக்கல்களில் பெரும்பகுதி இதுதான். வீட்டு வைஃபையில் கடவுச்சொல் கொடுத்தால் இணையம் வந்துவிடும். பொது வைஃபை பலவற்றில் அப்படி இல்லை. முதலில் ஒரு வரவேற்புப் பக்கம் வரவேண்டும். அதில் தொலைபேசி இலக்கத்தைக் கேட்பார்கள், குறுஞ்செய்தியில் ஓ.ரி.பி. இலக்கம் வரும், அதைப் போட்டு நிபந்தனைகளுக்குச் சம்மதம் கொடுத்த பிறகுதான் வழி திறக்கும். அதுவரை ரவுட்டர் வாசலில் நிற்கும் காவலாளி போல எல்லாவற்றையும் மறித்து வைத்திருக்கும்.

அந்தப் பக்கம் தானாக வரவேண்டும். வராமல் போவதற்குக் காரணம் உண்டு. இன்று ஏறத்தாழ எல்லா இணையத்தளங்களும் பூட்டுப் போட்ட இணைப்பில், அதாவது முகவரி எச்.ரி.ரி.பி.எஸ். என்று தொடங்கும் முறையில், இயங்குகின்றன. நீங்கள் கூகுளைத் திறக்கிறீர்கள். ரவுட்டர் இடையில் புகுந்து தனது வரவேற்புப் பக்கத்தைக் காட்டப் பார்க்கிறது. உங்கள் உலாவியோ "நான் கேட்டது கூகுளை, பதில் சொல்வது வேறு யாரோ" என்று கண்டுபிடித்து, பாதுகாப்பில்லை என்று சிவப்பு எச்சரிக்கை காட்டி நிறுத்திவிடுகிறது. உலாவி செய்தது சரியான வேலைதான். ஆனால் வரவேற்புப் பக்கம் உங்களுக்கு வந்து சேரவில்லை.

இதற்கு வழி, பூட்டுப் போடாத பழைய முறைப் பக்கம் ஒன்றை வேண்டுமென்றே திறப்பது. இதற்காகவே 'நெவர் எஸ்.எஸ்.எல். டொட் கொம்' என்ற தளம் இருக்கிறது. அந்தப் பெயரை இடைவெளி இல்லாமல் ஆங்கிலத்தில் முகவரிக் கட்டத்தில் தட்டுங்கள். ரவுட்டர் அதை மறித்து வரவேற்புப் பக்கத்தைக் காட்டிவிடும். எங்கள் அனுபவத்தில் பெரும்பாலான நேரம் இதோடு வேலை முடிந்துவிடும். முகவரியை ஒரு துண்டில் எழுதி மடிக்கணினியின் மூடியில் ஒட்டி வையுங்கள்.

இந்தியாவில் இருந்து வந்தவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: ஓ.ரி.பி. கேட்கும் பக்கத்தில் உள்நாட்டு இலக்கத்தையே, அதாவது 07 என்று தொடங்கும் பத்து இலக்கங்களையே, பொதுவாக எதிர்பார்ப்பார்கள். இந்திய இலக்கமும் பத்து இலக்கம் என்பதால் பக்கம் அதை வாங்கிக்கொள்ளக்கூடும், ஆனால் குறுஞ்செய்தி வராது. அரை மணி நேரம் காத்திருந்து பயன் இல்லை. வீட்டில் யாரிடம் இலங்கை சிம் இருக்கிறதோ அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

நெவர் எஸ்.எஸ்.எல். தட்டியும் வரவேற்புப் பக்கம் வரவில்லை என்றால், மடிக்கணினியில் முன்பு யாரோ செய்த மாற்றம் ஒன்று தடுக்கிறது. மூன்றைச் சந்தேகியுங்கள். வி.பி.என். செயலி ஏதும் ஓடினால் நிறுத்துங்கள். வரவேற்புப் பக்கத்தைத் தாண்டும் வரை அது இருக்கக்கூடாது. அடுத்தது டி.என்.எஸ். அமைப்பு. வேகம் கூடும் என்று யாராவது 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்று போட்டுக் கொடுத்திருப்பார்கள். அதைத் 'தானாகப் பெறு' என்ற நிலைக்கு மாற்றுங்கள். இடங்களின் பெயரைச் சொன்னால் இலக்கத்தைத் தேடிக் கொடுக்கும் விலாசப் புத்தகம் போன்றது டி.என்.எஸ். பொது வைஃபை தனது சொந்தப் புத்தகத்தைப் பார்க்கச் சொல்கிறது. உங்கள் கணினி வெளியில் உள்ள புத்தகத்தையே பிடிவாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கும்.

மூன்றாவது பிராக்சி. தமிழ்நாட்டில் கல்லூரியில் படித்த பிள்ளைகளின் மடிக்கணினியில் இதைப் பாருங்கள். கல்லூரி வலையமைப்புகள் சில, எல்லாப் போக்குவரத்தையும் தமது பிராக்சிக் கணினி ஒன்றின் வழியாகவே போகச் சொல்லும். அந்த அமைப்பு அழியாமல் அப்படியே கிடக்கும். நீங்கள் மன்னாரில் உட்கார்ந்து இணையத்தைக் கேட்டால், மடிக்கணினி கடலுக்கு அப்பால் உள்ள அந்தக் கல்லூரிக் கணினியைத் தேடிக்கொண்டிருக்கும். பிராக்சியுடன் இணைய முடியவில்லை என்ற செய்தியே திரையில் வரும். அமைப்புகளில் வலையமைப்பு என்ற பகுதிக்குள் போய்ப் பிராக்சியை நிறுத்திவிடுங்கள்.

திகதி பிழைத்தால் எல்லாம் பிழைக்கும்

வந்து கொஞ்ச நாளான ஒரு பிள்ளை, விண்ணப்ப முடிவு திகதிக்கு முதல்நாள் எங்களிடம் மடிக்கணினியைக் கொண்டுவந்தாள். "அக்கா, வைஃபை இருக்கு, நெட்டும் இருக்கு. ஆனா எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் சிவப்பாக் காட்டுது. வைரஸ் போல" என்றாள். கணினியை வைரஸ் நீக்கக் கொடுத்து, பணமும் கட்டியிருந்தார்கள். எங்கள் உத்தியோகத்தர் திரையின் வலது கீழ் மூலையைப் பார்த்தார். அங்கே ஆண்டு 2012 என்று இருந்தது.

மடிக்கணினியின் உள்ளே ரூபாய்க் குற்றி அளவில் ஒரு சிறிய பற்றரி இருக்கிறது. கணினி அணைந்திருக்கும்போதும் நேரத்தைக் காத்து வைப்பது அதுதான். பல மாதம் பெட்டிக்குள் கட்டிக் கிடந்த கணினியில், அல்லது பழைய கணினியில், அது செத்துவிடும். மின்கலமும் இறங்கிவிட்டால் அடுத்த முறை திறக்கும்போது திகதி, கணினி செய்யப்பட்ட காலத்துக்கே திரும்பிப் போய்விடும்.

இதனால் இணையம் ஏன் நிற்கவேண்டும்? பூட்டுப் போட்ட ஒவ்வொரு இணையத்தளமும் தன்னை அடையாளம் காட்ட ஒரு சான்றிதழ் வைத்திருக்கிறது. தேசிய அடையாள அட்டை போல என்று சொல்லலாம், ஆனால் அதில் எந்தத் திகதி முதல் எந்தத் திகதி வரை செல்லும் என்று எழுதியிருக்கும். உங்கள் கணினி இப்போது 2012 என்று நம்பினால், சென்ற மாதம் கொடுத்த சான்றிதழ் அதற்கு "இன்னும் பிறக்காத" சான்றிதழ். ஆகவே எந்தத் தளத்தையும் நம்ப மறுக்கும். குரோம் உலாவி சிலவேளை உங்கள் கடிகாரம் பிந்தியிருக்கிறது என்றே ஆங்கிலத்தில் சொல்லிவிடும். யாரும் அதை வாசிப்பதில்லை.

மணிக்கூட்டின் மேல் வலது சொடுக்குச் செய்து திகதி, நேரத்தை மாற்றும் இடத்துக்குப் போய்ச் சரியானதைப் போடுங்கள். ஆண்டையும் மாதத்தையும் பாருங்கள். நேரம் மட்டும் சரியாக இருந்து ஆண்டு பிழைத்திருப்பதும் உண்டு. நேர வலயத்தை மாற்றத் தேவையில்லை. இந்தியாவும் இலங்கையும் 2006 ஏப்ரல் முதல் ஒரே நேரம்தான். 1996 முதல் அதுவரை இலங்கை முன்தள்ளிய நேரத்தில் இருந்தது வயது வந்தவர்களுக்கு நினைவிருக்கும்.

அந்தப் பிள்ளையின் விண்ணப்பம் அன்று மாலையே போய்ச் சேர்ந்தது. உள்ளே உள்ள பற்றரியை மாற்றும் வரை, கணினியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் திகதியைப் பார்க்கவேண்டும். கடையில் கொடுக்கும்போது "நேரத்துக்கான பற்றரி" என்று சொன்னால் விளங்கிக்கொள்வார்கள்.

திகதி சரியாக இருந்தும் சில தளங்கள் மட்டும் சிவப்பாக வந்தால், விண்டோஸ் 7 கணினியா என்று பாருங்கள். உலகெங்கும் பெருந்தொகையான இணையத்தளங்கள் நம்பியிருந்த ஒரு மூலச் சான்றிதழ் 2021 செப்டெம்பர் 30 இல் காலாவதியானது. புதுப்பிப்புப் பெறாத பழைய கணினிகளுக்கு அதற்குப் பதிலாக வந்த சான்றிதழ் தெரியாது. விண்டோஸ் 7 க்கான மைக்ரோசொஃப்ட் ஆதரவு 2020 ஜனவரி 14 இல் நின்றது. குரோமின் 109 ஆவது பதிப்புக்குப் பிறகு அதில் புதிய குரோம் ஓடாது. ஃபயர்பொக்ஸ் உலாவியோ சான்றிதழ்ப் பட்டியலைத் தன்னோடே வைத்திருக்கிறது. விண்டோஸ் 7 இல் ஓடும் கடைசி வரிசை 115. அதை வேறொருவரின் கணினியில் பதிவிறக்கிப் பென்டிரைவில் கொண்டுவந்து நிறுவுங்கள். தமிழ்நாட்டு மடிக்கணினி சிலவற்றில் விண்டோசுடன் பொஸ் லினக்ஸ் என்ற இயங்குதளமும் இருக்கும். விண்டோஸ் அடம்பிடிக்கும்போது அதில் திறந்து பாருங்கள். இணைகிறது என்றால் வைஃபைப் பாகம் நல்லது, பிழை விண்டோஸ் அமைப்பில் என்று தெரிந்துவிடும்.

கூட்டம் கூடிய இடம்

விடுமுறை நாளில், பெறுபேறு வெளிவரும் நாளில், ஒரே ரவுட்டரில் நூறு பேர் தொங்கினால் யாருக்கும் ஓடாது. ரவுட்டர் தன்னிடம் வருகிற ஒவ்வொரு கருவிக்கும் ஓர் இலக்கம் கொடுக்கவேண்டும். கையில் உள்ள இலக்கங்கள் முடிந்துவிட்டால் உங்களுக்குக் கிடைக்காது. இதைக் கண்டுபிடிக்க வலையமைப்பு விவரத்தில் ஐ.பி. முகவரி என்ற வரியைப் பாருங்கள். 192.168 என்றோ 10 என்றோ 172 என்றோ தொடங்கினால் ரவுட்டர் இலக்கம் தந்திருக்கிறது. 169.254 என்று தொடங்கினால், ரவுட்டரிடம் இருந்து ஒன்றும் கிடைக்காமல் உங்கள் கணினி தானே ஒன்றைப் போட்டுக்கொண்டது என்று பொருள். அப்போது எத்தனை தரம் பக்கத்தைப் புதுப்பித்தாலும் பலன் இல்லை. வைஃபையைத் துண்டித்து, சில நிமிடம் விட்டு மறுபடி இணையுங்கள். அந்த வலையமைப்பை 'மறந்துவிடு' என்று கொடுத்துப் புதிதாக இணைப்பது இன்னும் நல்லது. பகல் நேரக் கூட்டத்தைத் தவிர்த்துக் காலையில் போவதும் உதவும்.

தகரக் கூரையும் கொங்கிரீட் சுவரும் அலையை அடைக்கும். ரவுட்டர் கண்ணுக்குத் தெரியும் இடமாகப் பார்த்து உட்காருங்கள்.

கைத்தொலைபேசியே வைஃபை ஆகும்

பொது இடத்தில் ஒன்றும் சரிவராவிட்டால் கைத்தொலைபேசியில் ஹொட்ஸ்பொட் போட்டு மடிக்கணினியை அதில் இணைக்கலாம். ஊரிலேயே வேலை முடியும், பஸ் செலவும் மிச்சம். பழைய மடிக்கணினியாக இருந்தால் ஹொட்ஸ்பொட் அமைப்பில் 2.4 ஐத் தெரிவு செய்யுங்கள். மடிக்கணினியின் வைஃபைப் பாகமே செத்துவிட்டது என்றாலும் வழி உண்டு. தொலைபேசியைச் சார்ஜ் செய்யும் யு.எஸ்.பி. வயரால் கணினியோடு இணைத்து, 'யு.எஸ்.பி. டெதரிங்' என்பதைத் திறந்தால் வயர் வழியாக இணையம் வரும். எங்கள் ஊர் உப்புக்காற்றில் யு.எஸ்.பி. வாய் துருப்பிடிப்பதால் ஒரு வாய் பிடிக்காவிட்டால் மற்றதில் செருகிப் பாருங்கள்.

இரண்டு எச்சரிக்கை. விண்டோஸ் 10, இணையம் கிடைத்தவுடனே தன் புதுப்பிப்புகளைப் பதிவிறக்கத் தொடங்கும். உங்கள் ஒரு மாத டேட்டா ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். அந்த இணைப்பின் அமைப்பில் 'அளவிடப்படும் இணைப்பு' என்பதை முதலில் போடுங்கள். அடுத்து, தலைமன்னார்க் கரையில் தொலைபேசி சிலவேளை அக்கரை இந்திய வலையமைப்பைப் பிடித்துவிடக்கூடும். ஹொட்ஸ்பொட் போடுவதற்கு முன் டேட்டா ரோமிங்கை நிறுத்தி வையுங்கள். இல்லாவிட்டால் கட்டணம் கூடும்.

விண்ணப்பத்தோடு போகும்போது

இணையம் வந்தபின் அவசரப்பட்டு நட்டப்படுபவர்களையும் பார்த்திருக்கிறோம். நீண்ட விண்ணப்பத்தை நேரடியாகப் பக்கத்தில் நிரப்பிக்கொண்டிருக்கும்போது வைஃபை நேரம் முடிந்து எல்லாம் அழிந்துபோகும். பதில்களை வீட்டிலேயே ஒரு கோப்பில் தட்டி வைத்து, அங்கே போய் ஒட்டுங்கள். பிறப்புச் சான்றிதழ், இந்தியப் பள்ளிச் சான்றிதழ் ஆகியவற்றின் படங்களை முன்கூட்டியே எடுத்து, அளவைக் குறைத்து, ஒரே இடத்தில் வையுங்கள். அனுப்பியபின் வரும் தொடர் இலக்கத்தைத் திரையோடு படம்பிடித்து வையுங்கள், கொப்பியிலும் எழுதுங்கள்.

பொது வைஃபையில் உங்கள் பக்கத்தில் யார் இருக்கிறார் என்று தெரியாது. அதே பெயரில் இன்னொருவர் தன் தொலைபேசியில் ஹொட்ஸ்பொட் போட்டு ஆட்களை இழுக்க முடியும். சரியான பெயரை அங்குள்ள அலுவலரிடம் கேட்டே இணையுங்கள். விண்டோஸ் கேட்கும்போது 'பொது வலையமைப்பு' என்பதையே தெரிவு செய்யுங்கள்; உங்கள் கோப்புகள் பிறருக்குத் தெரியாது. மேலே சொன்ன சிவப்பு எச்சரிக்கை, வரவேற்புப் பக்கத்தைத் தாண்டி, திகதியும் சரியாக இருக்கும்போது வங்கிப் பக்கத்தில் வந்தால் 'பரவாயில்லை, தொடரு' என்று அழுத்தவேண்டாம். அன்று வங்கி வேலையை விட்டுவிடுங்கள். முகவரியில் பூட்டுப் படம் இருப்பது மட்டும் போதாது, ஏமாற்றுத் தளத்துக்கும் பூட்டு இருக்கும். அரச திணைக்களங்களின் முகவரி பொதுவாக ஜி.ஓ.வி. டொட் எல்.கே. என்று முடியும், அதைப் பாருங்கள்.

வரவேற்புப் பக்கத்துக்காக வரும் ஓ.ரி.பி. வேறு, வங்கி அனுப்பும் ஓ.ரி.பி. வேறு. வங்கியினுடையதை யார் கேட்டாலும், மீள்குடியேற்றக் கொடுப்பனவு வந்திருக்கிறது என்று தொலைபேசியில் சொன்னாலும், கொடுக்கவேண்டாம். எங்கள் நிறுவனத்தில் இருந்து யாரும் அதைக் கேட்கமாட்டார்கள். கேட்டால் எங்களிடம் வந்து சொல்லுங்கள்.

இதில் சொன்ன எல்லாவற்றையும் செய்தும் இணையவில்லை என்றால், திரையில் வந்த செய்தியைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டு, மடிக்கணினியையும் சார்ஜரையும் எடுத்துக்கொண்டு, உங்கள் பகுதிக்கு வரும் எங்கள் வெளிக்கள உத்தியோகத்தரைச் சந்தியுங்கள். முடிவு திகதி உள்ள வேலை என்றால் அதற்கு ஒரு கிழமை முன்னதாகவே வாருங்கள்.